அரை மார்க் அண்ணாச்சி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கோவில்பட்டி பக்கத்து டீக்கடைகளில் இவரைப் பார்த்துவிடலாம். சட்டைப் பையில் பேனா, நான்காக மடித்த தாள். மகளை பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கப்போகிறார். கேட்க ஆள் இல்லையென்றால் டீ ஆற்றுகிறவரிடமாவது தாளை விரித்துவிடுவார்.

“பயாலஜி 91, அது அப்படியே. பிசிக்ஸ் 84, அதுல பாதி 42. கெமிஸ்ட்ரி 87, பாதி 43.5. ஆக கட்-ஆஃப் 200-க்கு 176.5. கெடைக்குமா அண்ணாச்சி?”

“கெடைச்சிரும்” என்று சொன்னவரை அதன்பிறகு அவர் மதிப்பதில்லை. விவரம் தெரியாத ஆள் என்று முடிவுகட்டிவிடுவார். “ரொம்ப சிரமமாச்சே” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்தான் அறிஞர். அந்த அறிஞர் குடிக்கிற இரண்டாவது டீ இவர் கணக்கில்.

மருத்துவப் படிப்புக்கு நீட் வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்கிற்கு இன்னும் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசுகிறது. விண்ணப்பிக்க 45 சதவீதம் இருந்தால் போதும், ஆங்கிலத்தில் பாஸ் ஆகியிருந்தால் சரி. மகளிடம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது. இருந்தும் நெட் சென்டர் பையனிடம் “இங்கிலீஷ் பாஸ்தானேப்பா?” என்று கேட்டு, மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த கவலை இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் நிற்கிறது, ஆதாரில் பின்னால் நிற்கிறது. அதற்கு அரை மார்க் பிடித்துவிடுவார்களோ?

அரை மார்க் அவருக்கு வயல் வரப்பு மாதிரி. ஒரு சாண் போனாலும் பங்காளி உள்ளே வந்துவிடுவான். பிசிக்ஸில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் அரை ஏறும் என்று கண்டுபிடித்த அன்றைக்கே விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டினார். நகல் வாங்கின பிறகுதான் மறுகூட்டலுக்குப் போடமுடியும். நகல் வந்தது. பிசிக்ஸ் தெரியாதே தவிர அவருக்குக் கூட்டத் தெரியும். நான்கு தடவை கூட்டினார். நான்கு தடவையும் அவர்கள் போட்ட அதே கூட்டுத்தொகைதான் வந்தது. திருத்தின ஆசிரியரின் நேர்மை அவரை மிகவும் புண்படுத்திவிட்டது.

மற்ற மாதங்களில் நம் ஊரில் ஒருவரின் சாதியை அறிய எத்தனை சுற்று! எந்தத் தெரு, குலசாமி எங்கே, சம்பந்தம் எந்த ஊரில் என்று வளைந்து வளைந்து வருவார்கள். அட்மிஷன் காலத்தில் அந்த நாகரிகத்துக்கு விடுமுறை. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டி “பி.சி.யா, எம்.பி.சி.யா?” என்கிறார், இவரும் மணி சொல்வதுபோல் சொல்லிவிடுகிறார். பி.சி.க்கு 26.5 சதவீதம், எம்.பி.சி.க்கு 20 என்று ஆரம்பித்து இருவரும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

இதே தெருவில் ஒரு காலத்தில் “பொம்பளப்பிள்ளைய நர்ஸுக்கா அனுப்புதீக?” என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அவர்கள் வீட்டுப் பேத்திக்கும் 176 என்று கேள்விப்பட்டதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. அந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நம் ஊர் கொடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் பெங்களூரிலிருந்து ஒரு ஏஜென்ட் போன் செய்தார். சீட் தயார், ஹாஸ்டல் தயார், பீஸை மூன்று தவணையில் கட்டலாம்.

“கட்-ஆஃப் எவ்வளவு?”

“கட்-ஆஃப்லாம் கிடையாது சார். பாஸ் பண்ணியிருந்தா போதும்.”

போனை வைத்துவிட்டார். கட்-ஆஃப் இல்லாததெல்லாம் ஒரு காலேஜா?

இந்தக் களேபரத்தில் சம்பந்தப்படாத ஒரே ஆள் மகள். காலையிலும் ராத்திரியிலும் ஆச்சிக்கு வயிற்றில் இன்சுலின் போடுவது அவள்தான். நேற்று குத்தின இடத்தில் இன்று குத்தமாட்டாள். ஆச்சியைப் பேச்சில் இழுத்துக்கொண்டே ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள். அந்த நேரத்தில் அண்ணாச்சி வாசலுக்குப் போய்விடுவார். ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். சுற்றுகிற தலையோடு உள்ளே குரல் கொடுப்பார்: “ஏளா, கெமிஸ்ட்ரிக்கும் நகல் போட்டுப் பாப்பமா?”

கவுன்சிலிங் ஒருவழியாக வந்தது. மதுரையா, தேனியா, சேலமா என்று இவர் கைநடுங்க, அவள் தேனியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான்கு வருஷப் படிப்பு. முதல் வாரமே அப்பா போன் போட்டு அங்கே என்ன கட்-ஆஃப் என்று விசாரித்தார். “கட்-ஆஃப் எல்லாம் இல்லப்பா. தியரியிலயும் பிராக்டிகல்லயும் தனித்தனியா 50 எடுத்தா பாஸ்” என்றாள். அண்ணாச்சி ஒடுங்கிப்போனார். டீக்கடையில் மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேச வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

நல்லவேளை, ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் பக்கத்துத் தெருப் பெண் லீவில் வந்தாள். அங்கே வேலைக்குப் போக ஜெர்மன் மொழியில் பி-2 வரைக்கும் எழுதவேண்டும், கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மகள் இன்னும் அனாடமி முதல் பாடத்தைத் தாண்டவில்லை. அண்ணாச்சி முகத்தில் ரத்தம் ஏறியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“59.5 எடுத்தா 60-ன்னு போட்ருவாங்களாம்மா?”