மூவிடம்: தையல் அறையின் தட்டைப் பரப்புகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழ் இலக்கணத்தில் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. தையலிலும் இடம் மூன்றே என்பது இவ்வாய்வாளனின் துணிபு: வெட்டுமிடம், தைக்குமிடம், தேய்க்குமிடம். இந்தப் பொருத்தத்தை உரையாசிரியர் எவரும் தொடாமல் விட்டதற்குக் காரணம், அவர்கள் வீட்டில் தையல் மெஷின் இல்லாததாகவே இருக்க வேண்டும்.

ஆய்வுக் களம் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு வாடகை வீடு. ஆய்வாளனின் மனைவி அங்கே அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைக்கிறார். அவர்கள் தெலுங்கில் அந்த மெஷினைக் 'குட்டு மிஷன்' என்பார்கள். குட்டு என்றால் அவர்களுக்குத் தையல். நமக்கு அது தலையில் விழுவது. இரண்டு பொருளும் ஒரே அறையில் எப்படி வழக்குக்கு வந்தன என்பது பின்னர் விளங்கும்.

முதலில் வரலாறு. 1850களில் ஐசக் சிங்கரின் மெஷின் எந்த மரப்பெட்டியில் வந்து இறங்கியதோ, அந்தப் பெட்டியே அதற்கு மேஜையாகவும் ஆனது. பெட்டியைக் கவிழ்த்து மேலே மெஷினை வைத்து மிதிக்க வேண்டியதுதான். ஆக, தையல் மேஜை என்பது தொடக்கத்திலிருந்தே வேறு வேலைக்குச் செய்த ஒன்றைப் பிடுங்கிக்கொள்வது. இயந்திரங்களைக் கடிந்துகொண்ட காந்தியும் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதை வீட்டில் எங்கே போடுவது என்று அவரும் சொல்லவில்லை.

இனி உயரம். இங்கேதான் ரேணிகுண்டா கைகொடுக்கிறது. அரக்கோணம், கடப்பா, கூடூர், திருப்பதி என்று நாலு திக்கிலும் தண்டவாளம் பிரியும் ஊர் இது. பிளாட்பாரம் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. ரயில்வே வகுத்த பிளாட்பாரம் மூன்று வகை. தண்டவாள மட்டத்திலேயே இருப்பது ஒன்று. 455 மில்லிமீட்டர் உயரமுள்ளது இரண்டாவது. 760 முதல் 840 வரை உயர்ந்தது மூன்றாவது. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்தேன். தரை முதல் வகை. கட்டில் பதினெட்டு அங்குலம், அதாவது அச்சு அசலாக இரண்டாவது வகை. சமையல் மேடை முப்பத்து மூன்று அங்குலம். 840 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழைதான் குறைவு. ரயில்வேக்காரர்கள் பிளாட்பாரம் கட்டுவதற்கு முன் நம் வீடுகளை வந்து அளந்துபோனார்களோ என்ற ஐயத்தை இங்கே பதிவு மட்டும் செய்கிறேன்.

தரையில் வெட்டுவதே மரபு. விரிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை, துணி கீழே விழவும் வழியில்லை. ஆனால் நாலு ஜாக்கெட் வெட்டி எழுந்தால் இடுப்பு நிமிராது. எனவே இரண்டாம் வகையை, அதாவது கட்டிலை, நான் பரிந்துரைத்தேன். துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நானே. கத்தரிக்கோலின் கீழ் அலகு கெட்டியான பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது தையல்காரர் எல்லாருக்கும் தெரிந்த விதி. மெத்தையில் அது வழுக்காது, புதையும். புதைந்தது. எண்பது சென்டிமீட்டர் பட்டு ஜாக்கெட் துணியில் ஒரு கை வெட்டி எடுத்தபோது, அதே அளவில் ரோஜாப்பூ போட்ட இன்னொரு கையும் கூடவே வந்தது. மெத்தை விரிப்பில் அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது.

"ஏங்க, உங்க ஆராய்ச்சிய ஸ்டேஷன்லயே வெச்சுக்கக் கூடாதா?" என்றார் மனைவி. குட்டு என்ற சொல்லின் தமிழ்ப் பொருள் நிறுவப்பட்டது அப்போதுதான்.

தைக்குமிடம் பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. மேஜை ஆடக் கூடாது. மடக்கு மேஜையில் மோட்டார் ஓடினால் மெஷினும் சேர்ந்து நடக்கும். பழைய மிதி மெஷினின் வார்ப்பிரும்புக் கால் நகராது. மெஷினின் அடிப்பாகம் பலகையில் இறங்கி, இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் உத்தமம். தைத்த துணி ஊசிக்கு இடப்பக்கம் சேர்வதால் பலகை இடப்பக்கம்தான் நீள வேண்டும். மேஜையின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபால்ஸ் அடிக்கும்போது புடவை முழுக்கப் பின்னால் சரிந்து, அந்தப் பாரம் துணியை இழுத்து, ஊசி வளைந்து ஒடியும். வலக்கைக்காரருக்கு ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் கை நிழல் தையலில் விழாது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் பொருந்தும் மூலை ஒன்றே ஒன்று. அங்கே என் நாற்காலி இருந்தது.

தேய்க்குமிடத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் கம்பளி, மேலே பழைய நூல் புடவை. வெறும் சன்மைக்கா மேல் தேய்த்தால் அது கொப்பளிக்கும். சாப்பாட்டு மேஜையில் இருக்கும் வட்டத் தழும்பு குழம்புச் சட்டி வைத்ததால் வந்தது என்பது என் வாதம். தழும்பின் ஒரு பக்கம் ஏன் கூராக இருக்கிறது என்பது மனைவியின் வாதம்.

இலக்கணத்துக்குத் திரும்பினால், தைக்குமிடம் தன்மை, அது அவருடையது. தேய்க்குமிடம் படர்க்கை, எப்போதும் வேறு யாருடைய மேஜையோதான். வெட்டுமிடம் முன்னிலை. முன்னால் எவன் நிற்கிறானோ அவன் தலையில்தான் அது விடியும்.

என் தலையில் இப்படி விடிந்தது. நின்றுகொண்டு வெட்டும் மேஜை முழங்கைக்கு நாலைந்து விரல் கீழே இருக்க வேண்டும். அவர் உயரத்துக்கு அது சமையல் மேடையின் உயரமே, அதாவது மூன்றாம் வகை. சமையல் மேடையைக் கேட்கும் துணிவு யாருக்கு உண்டு? ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றினேன். ஏழடிக்கு மூன்றடி, வழவழப்பு, கனம், எல்லாம் பொருத்தம். இரண்டு பக்கமும் டிரங்குப் பெட்டிகளை அடுக்கி மேலே கிடத்தினோம். பட்டு வழுக்காமலிருக்க அந்த ஓட்டை விரிப்பையே மேலே விரித்தோம். சித்திரை வெயிலிலும் வெட்டும்போது ஃபேன் ஓடாது. அளவு காகிதம் பறக்கும்.

வெட்டாத நேரத்தில் அதன் மேல் காய்கறிப் பை, கல்யாணப் பத்திரிகை, ஹெல்மெட், காயப்போட்ட வடகம். தட்டையாக எது கிடந்தாலும் நம் வீடுகள் சும்மா விடுவதில்லை.

கதவில்லாத ஸ்டோர் ரூமுக்கு ஒரு திரை தைத்து மாட்டியிருக்கிறோம். வீட்டு ஓனர் தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. இதை வாசிப்பவர்கள் அவருக்கு மட்டும் வாய்விட்டுப் படித்துக்காட்டாமல் இருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.