புள்ளி பறிக்கும் பொழுதுபோக்கு

ஹெல்சிங்கி,
டிசம்பர்; மாலை நாலரை மணி, வெளியே கும்மிருட்டு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தம்பியின் ஸ்டிக்கர் கடை எப்படிப் போகிறது?

மேற்கொண்டு படிப்பதற்குள் கையில் பிரஷ் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நான் ஸ்டிக்கர் வெட்டக் கற்றுக்கொள்கிறேன். வேலை போய்விட்டதோ என்று அப்பாவுக்கு போன் போட்டுவிட வேண்டாம், வேலை பத்திரமாக இருக்கிறது. இது சும்மா, பொழுதுபோக்கு. கரூர் பஸ் பட்டறைகளில் இருபது வருஷம் எனாமல் பெயின்டில் எழுத்துப் போட்ட குடும்பத்தில் பிறந்துவிட்டு, உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்ட அதே மெஷினோடு நான் ஆசையாக விளையாடுகிறேன் என்றால் உங்களுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். என்ன செய்வது? இந்த மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது. மூன்றேகாலுக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. மிச்ச நேரத்தில் மனுஷன் எதையாவது வெட்டினால்தான் புத்தி நிலையாக இருக்கும்.

மெஷின் எங்கே இருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள். நூலகத்தில்! ஊடி என்று பெயர். ஃபின்லாந்து சுதந்திரம் வாங்கி 100 ஆண்டு ஆனதற்காக ஜனங்களுக்குக் கொடுத்த பரிசு. 2018 டிசம்பர் 5-ஆம் தேதி, சுதந்திர தினத்துக்கு முதல் நாள் திறந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. மூன்று தளம், புத்தகம் மேல் தளத்தில், நடுத்தளத்தில் பட்டறை. தையல் மெஷின், முப்பரிமாண அச்சு மெஷின், அதோடு ஸ்டிக்கர் வெட்டும் நம் வினைல் மெஷினும். யார் வேண்டுமானாலும் நேரம் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். மெஷினுக்கு வாடகை கிடையாது, பொருளுக்குத்தான் காசு. நம் ஊர் நூலகத்தில் பேனா மூடி கீழே விழுந்தாலே நிமிர்ந்து முறைப்பார்கள். இங்கே நூலகத்தில் கடகடவென்று தையல் ஓடுகிறது, ஒருவரும் நிமிர்வதில்லை.

சொல்லிக்கொடுக்க ஒரு பையன் இருக்கிறான். நல்ல பையன், வாயைத்தான் திறக்க மாட்டான். கேள்வி கேட்டால் யோசிப்பான். யோசித்துக்கொண்டே இருப்பான். கேள்வி காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்கப் போகும்போது, “ஆம்” என்பான். தம்பி கடையில் என்றால் இந்த இடைவெளியில் நாலு நம்பர் பிளேட்டும் ஒரு “கடவுள் துணை”யும் வெட்டி, டீயும் குடித்திருப்பார்கள்.

மெஷின் செய்வது இரண்டு வேலை. முதலில் வெள்ளை வினைல் சுருளில் வண்ணத்தில் அச்சடிக்கும். அப்புறம் சுருளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தைக் கத்தியால் சுற்றி வரும். எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரிய, வெட்டுக்கோட்டுக்கு மட்டும் தனியாகப் பெயரிட்ட ஒரு நிறத்தைக் கொடுக்க வேண்டும். அந்த நிறத்தை அது அச்சடிக்காது, கத்திக்கு வழி என்று எடுத்துக்கொள்ளும். கத்தி என்றால் பென்சில் முனை அளவுதான். வினைலை மட்டும் அறுத்து, அடியில் இருக்கும் மெழுகுத்தாளைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும். சித்தி நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலும் இதே சங்கதிதான்: பொட்டு வட்டமாகப் பிரியும், அட்டை அப்படியே இருக்கும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தாளோடு துண்டாகிவிடும். மேலாகப் போனால் பிரியவே பிரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை. அச்சு மையும் உடனே ஆறாது. மேலே பளபளப்புப் படலம் ஒட்டுவதாக இருந்தால் ஒரு நாள் காயப் போட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி படலத்தையும் பசையையும் கெடுத்துவிடும்.

இதெல்லாம் பழகிவிட்டது. தமிழில்தான் வந்தது வினை. “கொடி” என்று அடித்தால், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் அநாதையாக ஒரு “க”. நாம் அடிப்பது கவுக்குப் பிறகு. கொம்பு வந்து உட்கார வேண்டியது கவுக்கு முன்னால். இந்த மரியாதை தெரியாத மென்பொருள் வந்தவரை வந்த இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. கடைசியில் தமிழ் தெரிந்த வேறொரு மென்பொருளில் அடித்து, எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றிக் கொண்டுவந்தேன். தம்பி இன்னும், கொம்பை முதலில் அடிக்கிற அந்தக் காலத்து ஃபான்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

வெட்டி முடித்த பிறகுதான் இருக்கிறது நிஜமான வேலை. வேண்டாத வினைலை உரித்து எடுக்க வேண்டும். ஒரு கொக்கி ஊசியும் இடுக்கியும் கொடுப்பார்கள். குனிந்து உட்கார்ந்து “இ”யின் சுழிக்குள் இருப்பதை, “ஞ”வின் வயிற்றுக்குள் இருப்பதை எல்லாம் கிள்ளி எடுக்கிறேன். சின்ன எழுத்தாக இருந்தால், சுற்றியுள்ள வினைலை இழுக்கும்போது மெய்யெழுத்துப் புள்ளிகளும் கூடவே கிளம்பிவிடும். கடுகை விடச் சின்னப் புள்ளி, அதற்குக் கீழே பசைக்குப் பிடிமானம் ஏது? மகள் “கார்த்திகா” என்று எழுதித் தரச் சொன்னாள். உரித்து நிமிர்ந்தால் “காரததிகா”. மூன்று நாளாக அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

பக்கத்து மேஜையில் வெள்ளைத் தலைமுடி அம்மா ஒருத்தி. ஜாம் பாட்டில்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஃபின்னிஷ் மொழியில் “ஏ” எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் அது தனி எழுத்து, “ஓ”வுக்கும் அப்படி. இரண்டிரண்டாக அவள் புள்ளிகளும் பறந்துகொண்டிருந்தன. நான் ஒரு புள்ளியை இடுக்கியில் பிடித்து மறுபடி ஒட்டுவதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து என் பக்கம் தள்ளினாள். இந்த ஊர்க் கணக்கில் இது சம்பந்தம் பேசி முடித்ததற்குச் சமம்.

இங்கே என்னதான் வெட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். கதவுக்கு “விளம்பரம் வேண்டாம்”! அதை ஒட்டிவிட்டால் விளம்பரத்தாள் போடுகிறவன் நின்று படித்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுகிறான். ஊரில் “விளம்பரம் செய்யாதீர்” என்று காம்பவுண்டுச் சுவரில் எழுத உங்களைக் கூப்பிடுவார்கள். மறுவாரம் அதன் மேலேயே கட்சிச் சின்னம் வரையவும் உங்களையேதான் கூப்பிடுவார்கள். இரண்டு வேலை, இரண்டு கூலி. இந்த ஊரில் பெயின்டர் பிழைப்பது சிரமம். கதவுப் பெயரும் நம் கையில் இல்லை. எல்லாக் கதவிலும் ஒரே மாதிரி பட்டையில் குடும்பப் பெயரைக் கட்டட நிர்வாகமே போட்டுவிடும். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். ஈரோட்டைத் தாண்டிப் போகாத உங்கள் அண்ணன் பெயரில்தான் ஹெல்சிங்கியில் தபால் வந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் சந்தோஷப்படும் விஷயம் ஒன்று. லாரிக்குப் பின்னால் தம்பி ஒட்டுகிறானே ரேடியம் ஸ்டிக்கர், அதை இங்கே மனுஷனுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். இருட்டில் நடந்து போகிறவர் ஒளி திருப்பும் பட்டை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அணியாவிட்டால் அபராதம் இல்லை, இருந்தும் அணிகிறார்கள். நான் அந்த ரகத்தில் சூடுபோட்டு ஒட்டும் வினைல் வாங்கி, எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திருப்பி வெட்டி, சட்டை முதுகில் “ஒலி எழுப்பவும்” என்று ஒட்டிக்கொண்டேன். யாருமே ஹாரன் அடிக்காத ஊரில் இதைப் போட்டுக்கொண்டு என்னோடு நடக்காதீர்கள் என்று உங்கள் மருமகள் பத்தடி பின்னால் வருகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கணினியில் இருக்கும் தமிழ் எழுத்து எதைப் போட்டாலும் ரேஷன் கார்டு மாதிரியே வருகிறது. நீங்கள் பஸ் முகப்பில் “கரூர்” எழுதும்போது “ரூ”வின் வாலை வளைத்து, கண்ணாடி விளிம்பு வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டுவீர்களே, அது எந்த ஃபான்ட்டிலும் இல்லை. நானும் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எலி வால் மாதிரிகூட வரவில்லை. அதனால் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய்யெழுத்து எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில், கறுப்பு பெயின்டில் எழுதிக் கொடுங்கள். நிழல் விழாமல், நேர் மேலிருந்து, தம்பி படம் எடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிக் கெடுத்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூலியைக் கறாராகச் சொல்லிவிடுங்கள், பேரம் பேச மாட்டேன். ஒன்று மட்டும்: புள்ளிகளைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்