படகு படத்தில் இருக்கிறது

நவி மும்பையின் புதிய விமான நிலையத்தில் தூண்கள் தாமரை இதழ்களாக விரிந்து நிற்கின்றன. ஜாஹா ஹதீத் நிறுவனத்தின் வடிவமைப்பு. முதல் கட்டச் செலவு 19,650 கோடி ரூபாய். தாமரை என்றால் பக்கத்தில் தண்ணீர் வேண்டாமா? 2025 அக்டோபர் 8 அன்று பிரதமர் திறந்துவைத்தபோது வந்த அரசு அறிக்கை அந்தக் குறையையும் தீர்த்தது. நீர் டாக்ஸியால் இணைக்கப்படும் நாட்டின் முதல் விமான நிலையம் இதுதானாம். டிசம்பர் 25 அன்று விமானங்கள் பறக்கத் தொடங்கின. நீர் டாக்ஸி வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அலை இல்லை, சேறு இல்லை, டீசல் செலவு இல்லை. இந்தியாவில் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாத படகுச் சேவை அது ஒன்றுதான்.

மும்பை தீவு என்பது பலருக்கு மறந்துபோயிருக்கலாம். கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரைக்கும் உள்ள பழைய பம்பாய்க்கு அரசாங்கக் காகிதங்களில் இன்றைக்கும் ‘தீவு நகரம்’ என்றுதான் பெயர். ஏழு தீவுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி வெள்ளைக்காரன் ஒட்டவைத்த ஊர் அது. புதிய விமான நிலையமோ கடலுக்கு அந்தப் பக்கம், உல்வே கரையில். நடுவில் இருப்பது ஒரு நீர்ப்பரப்பு. படகு விட்டால் நாற்பது நிமிடம் என்று செய்திகள் வாய் நிறையச் சொல்கின்றன.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வரும் ஒரு சித்தப்பாவை வைத்துக்கொள்வோம். தோல் பதனிடும் வேலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே குடியேறிய நம் சனங்களின் வழித்தோன்றல்களைப் பார்க்க இப்படிச் சித்தப்பாக்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். முன்பெல்லாம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தவர். இந்த முறை யாரோ மலிவு டிக்கெட் போட்டுக்கொடுக்க, விமானத்தில் வந்து இறங்குகிறார். கையில் அல்வாப் பொட்டலம். வெளியே வந்ததும், “தம்பி, பஸ் எங்கே நிக்கும்?” என்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விமானத்தில் வருகிறவன் பஸ் கேட்பானா? அவனுக்குக் கார் இருக்கும், இல்லாவிட்டால் காருக்குப் பணம் இருக்கும் என்பதுதான் நம் திட்டக்காரர்களின் வேதம். அந்த வேதத்தின்படி அந்த நீர்ப்பரப்பின் மேல் கட்டியதுதான் அடல் சேது. 2024 ஜனவரி 12 அன்று திறந்தார்கள். 21.8 கிலோமீட்டர், நாட்டின் மிக நீளமான கடல் பாலம். கார் ஒருமுறை கடக்க 250 ரூபாய். மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஏறவே கூடாது. அதாவது இந்த நகரத்தில் எத்தனையோ லட்சம் பேர் எதில் போய்வருகிறார்களோ, அதற்கு அனுமதி இல்லை. அரசுப் பணத்தில், வெளிநாட்டுக் கடனில், எல்லோர் பேரையும் சொல்லிக் கட்டிய பாலத்தில் நான்கு சக்கரம் இல்லாதவன் கால்வைக்க முடியாது. பஸ் விட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிவிடலாம். அலுவலக நேரத்துக்கு வந்து அலுவலக நேரத்தோடு மறைகிற பஸ்கள். சித்தப்பாவின் விமானத்துக்கு அந்த அட்டவணை தெரியாது.

பஸ்ஸைப் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. பெஸ்ட் பஸ் என்பது பம்பாயின் பெருமை என்று வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 2019 ஜூலையில் ஆரம்பக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது. அதே ஆண்டு தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தமும் போட்டார்கள், 3,337 சொந்தப் பேருந்துகளை எப்போதும் வைத்திருப்போம் என்று. 2025இல் சொந்தப் பேருந்துகள் சில நூறாகச் சுருங்கிவிட்டன. மீதி எல்லாம் ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள். கட்டுப்படியாகவில்லை என்று அவர்களில் சிலர் பாதியிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2024 அக்டோபர் 14: சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது, மும்பைக்குள் நுழையும் ஐந்து சுங்கச்சாவடிகளிலும் கார்களுக்குச் சுங்கம் ரத்து. 2025 மே 9: பெஸ்ட் பஸ்ஸின் ஆரம்பக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய், ஏசி பஸ்ஸில் 6 ரூபாயிலிருந்து 12. நஷ்டமாம். கார்க்காரனுக்கு விட்டுக்கொடுத்த சுங்கம் நஷ்டமில்லை, அது மக்கள் நலன். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் ஐந்து ரூபாயில்தான் கஜானாவே ஒழுகிக்கொண்டிருந்தது, அடைத்துவிட்டார்கள். கட்டணத்தை இரட்டிப்பாக்கியபோது மாநகராட்சியில் எதிர்த்துப் பேச ஒரு உறுப்பினர்கூட இல்லை. ஏனென்றால் 2022 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தலே நடத்தவில்லை. அதிகாரி ஆண்டுகொண்டிருந்தார். அதிகாரி பஸ்ஸில் போவதில்லை.

சரி, பஸ் வேண்டாம், படகில் போகலாம் என்கிறார் சித்தப்பா. பாவம், கடலோரக்காரர், தண்ணீரைக் கண்டால் படகு இருக்கும் என்று நம்புகிறவர். அவருக்கு இந்தக் கடலில் மிதந்த வாக்குறுதிகளின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

1990களில் ஹோவர்கிராஃப்ட் விட்டார்கள். தண்ணீரிலும் ஓடும், தரையிலும் ஏறும் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. சில ஆண்டுகளில் நின்றது. பிறகு 2022 பிப்ரவரி 17 அன்று நீர் டாக்ஸி. நவி மும்பையின் பேலாப்பூரில் 8.37 கோடி ரூபாய்க்குப் படகுத்துறை. தீவு நகரத்தின் மஜ்காவ் வரைக்கும் விரைவுப் படகில் ஒரு ஆளுக்கு 800 ரூபாய்க்குக் குறையாத கட்டணம். அதே பேலாப்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் சில்லறைக் காசுக்கு வந்துவிடலாம் என்பது கட்டணம் வைத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் வைத்தார்கள் என்றால் யாருக்காக வைத்தார்கள் என்பதும் தெரிந்துதான். ஆள் வரவில்லை. 2023 பிப்ரவரியில் மறுபடி ஒரு தொடக்க விழா, இந்த முறை கேட்வே ஆஃப் இந்தியா வரைக்கும். கீழ்த்தளம் 250 ரூபாய், மேல்தளம் 350. அதே கடலைக் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்க்க நூறு ரூபாய். காலையில் ஒரு படகு, மாலையில் ஒரு படகு. காலைப் படகைத் தவறவிட்டவன் மறுநாள் காலை வரலாம். அலுவலகத்துக்கும் சொல்லிவிடலாம், படகு இல்லை சார் என்று. அதுவும் நின்றது.

நின்றதற்குச் சொன்ன காரணம், மக்களிடம் வரவேற்பு இல்லை என்பது. என்ன துணிச்சல்! இந்தக் கடலில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். பேலாப்பூர் பக்கம் உள்ள கழிமுகம் ஆழம் குறைந்தது, சேறு படிந்துகொண்டே இருக்கும். தூர்வாரிக்கொண்டே இருந்தால்தான் வற்றுநேரத்திலும் படகு போகும். இது கோலி மீனவக் குழந்தைக்குத் தெரிந்த சேதி. துறைக்கு நாடா வெட்டத் தெரிந்தவர்களுக்குத் தூர்வாரத் தெரியவில்லை. மஜ்காவில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போக உடனே ஒரு பஸ் வேண்டும். துறைமுகத்து லாரிகளுக்கு நடுவே பயணியை நிறுத்திவிட்டு, உனக்கு வரவேற்கத் தெரியவில்லை என்று பழிபோடுகிறார்கள்.

கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கினார்கள். மின்சாரப் படகு, பக்கத்திலேயே கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. ஆரம்பக் கட்டணம் 20 ரூபாய். தீவுகளில் இருப்பவர்கள் வேலைக்குப் போக என்று முதலிலேயே முடிவுசெய்து வேலையைத் தொடங்கினார்கள். சுற்றுலாக்காரர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். மும்பைக்கும் அப்படிச் செய்ய முடியுமா என்று கொச்சிக்காரர்களையே கூப்பிட்டு ஆய்வறிக்கை கேட்டிருக்கிறார்கள். நல்லது. அறிக்கை எழுதுவதில் நமக்குக் குறைவில்லை. அறிக்கைகளை அடுக்கினால் அதுவே இன்னொரு பாலம்.

இங்கே காசில்லாமல் படகு நிற்கவில்லை. நவி மும்பையின் நெரூலில் 111 கோடி ரூபாயில் பயணிகள் படகுத்துறை கட்டினார்கள். கட்டி முடித்த துறை ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தது. துறைக்காகப் போட்ட வேலையால் பக்கத்து ஏரிக்கு வரும் கடல்நீர் அடைபட்டது என்று சூழலியலாளர்கள் கத்தினார்கள். 2024இல் அங்கே பூநாரைகள் செத்து விழுந்தன. படகும் வரவில்லை, பறவையும் பிழைக்கவில்லை. 111 கோடியில் இரண்டையும் ஒருசேரச் சாதித்தது உலகத்தில் வேறு எங்கும் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கேட்வேக்குப் பக்கத்தில், ரேடியோ கிளப் அருகே 229 கோடியில் இன்னொரு படகுத்துறை வருகிறது. அதில் முக்கியப் பிரமுகர்களுக்குத் தனி ஓய்வறை உண்டு. 150 கார்கள் நிறுத்த இடம் உண்டு. படகுத்துறைக்கு முதலில் தேவைப்படுவது கார் நிறுத்துமிடம்தான் என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் நாம்தான். பக்கத்தில் குடியிருப்பவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நிபந்தனைகளோடு வேலை நடக்கிறது.

ஆனால் புதிதாக விட்டவற்றில் ஒரு படகு மட்டும் 2020 முதல் ஜோராக ஓடுகிறது. மஜ்காவிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் ரோ-ரோ. அந்தப் பக்கம் அலிபாக், பணக்காரர்களின் வாரக்கடைசி பங்களாக்கள். அந்தப் படகு காரையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளும். கார் ஏறினால் கப்பல் ஓடுகிறது, மனுஷன் மட்டும் ஏறினால் ஓட மாட்டேன் என்கிறது. பொறியியலில் இதற்கு என்ன விளக்கமோ எனக்குத் தெரியாது, அரசியலில் தெரியும்.

இத்தனைக்கும் நடுவே பாவுச்சா தக்காவிலிருந்து மோராவுக்கும் ரேவஸுக்கும் பழைய லாஞ்சுகள் தொடர்ந்து போய்வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லட்சுமண் ஹரிச்சந்திர அஜிங்க்யா என்ற தனிமனிதர் கட்டிய துறை அது. உரண் பக்கத்து சனங்கள், மீன்காரிகள், கூலிக்காரர்கள் ஏறுகிறார்கள். ஓய்வறை இல்லை, மேல்தளக் கட்டணம் இல்லை. அந்த லாஞ்சுகளுக்கு அமைச்சர்கள் வரமாட்டார்கள். விபத்து நடந்தால் வருவார்கள். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன நீல்கமல் என்ற பயணிகள் படகின் மேல், எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு மோதி 15 பேர் செத்தார்கள். படகில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள். அதற்கு அப்புறம்தான் எல்லோரும் உயிர்காப்பு உடை போடவேண்டும் என்று மும்முரமாகச் சொன்னார்கள். அதுவரை கடலில் ஆழம் இல்லை போலிருக்கிறது.

சித்தப்பா இன்னும் தாமரைக்குக் கீழேதான் நிற்கிறார். அவர் நிற்கும் மண்ணில் பத்துக் கிராமங்கள் இருந்தன, உல்வே மலை என்று ஒரு மலையும் இருந்தது. கிராமங்களை எடுத்தார்கள், மலையை வெட்டினார்கள், ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். மலையை நகர்த்த முடிந்தவர்களால் ஒரு பஸ்ஸை நகர்த்த முடியவில்லை. இந்த விமான நிலையத்தில் அதானி குழுமத்துக்கு 74 சதவீதம். மும்பையின் பழைய விமான நிலையமும் அவர்கள் கையில்தான். சித்தப்பா போகவேண்டிய தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்திலும் 80 சதவீதம் அவர்களுடையது. ஆக, இறங்கும் இடமும் அவர்களிடம், போய்ச்சேரும் இடமும் அவர்களிடம். நடுவில் உள்ள தூரம் மட்டும் யாரிடமும் இல்லை, அது பொதுமக்களுடையது. லாபம் வராத இடத்துக்குப் பொது என்று பெயர்.

கடைசியில் சித்தப்பா டாக்ஸி பிடித்தார். மலிவு விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது பாலத்தில் போனது.

2026 ஜனவரியில் ஒருவழியாக மாநகராட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. உங்கள் வார்டுக்கும் ஒரு உறுப்பினர் இருக்கிறார். அவரைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து தீவு நகரத்துக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் எப்போது வரும்? படகுக் கட்டணம் லோக்கல் ரயிலை ஒட்டி இருக்குமா, விமானத்தை ஒட்டி இருக்குமா? 3,337 பஸ்கள் எங்கே? பதில் சொல்லாமல் அவர் தாமரைப் படத்தை எடுத்துக் காட்டினால், அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த தேர்தல் வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள்.