சுற்றல் இலக்கணம்

படம் ஓடிக்கொண்டிருக்கையில் டிவியின் நடுவே வட்டம் தோன்றித் திரிவது சுற்றல் எனப்படும். அது அகச்சுற்றல், புறச்சுற்றல் என இரு வகைத்து. ரவுட்டருக்கு இப்பால் நிகழ்வது அகம்; அப்பால் நிகழ்வது புறம். உலக வழக்கில் இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுதல். அகத்துக்கு அது பயன்படாது.

வகை பிரிப்பது எங்ஙனம் எனின், லேன் கேபிளால் என்க. ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேரே செருகிப் பார்க்க. வட்டம் நின்றால் அகம். நில்லாவிடில் பெரும்பாலும் புறம்.

புறம் சுருக்கமானது. ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்னும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். லைன்மேன் வரும்வரை சீட்டாடலாம்.

அகமோ விரியும். அதில் தலையாயது பீரோச்சுற்றல். ரவுட்டர் பார்வைக்கு லட்சணமாயில்லை என்று அதைப் பீரோவுக்குப் பின்னோ மீன்தொட்டிக்குப் பின்னோ ஒளித்து வைப்பதால் பிறப்பது. இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது, சுவர் கண்டால் சோரும், 2.4 மெதுவானது, சுவர் தாண்டும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருந்தும் 2.4-இல் கிடப்பாரை என்னென்பது!

அடுத்தது அண்டைவீட்டுச்சுற்றல், அடுக்ககங்களுக்கு உரியது. 2.4-இல் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. சிலர் ரவுட்டரை 3-இலோ 4-இலோ அமர்த்தி இருபுறமும் வம்பு வளர்ப்பர். இவர் இரண்டுங்கெட்டார் எனப்படுவர். சாம்பார் சூடாகும் இரண்டு நிமிடம் மட்டும் சுற்றினால், மைக்ரோவேவ் அடுப்பு என்க. அதுவும் 2.45-ஐ ஒட்டியே இயங்குவது.

அணைத்துப் போட்டால் சரியாகிறதே எனின், ஆகும். பல ரவுட்டர்கள் விழிக்கும்போது கூட்டம் குறைந்த சானலைத் தேடிக்கொள்ளும். மாலையில் கூட்டம் அங்கும் வரும்.

முதுகுச்சுற்றல் என்பது ஸ்ட்ரீமிங் ஸ்டிக், டிவியின் முதுகில் ஒட்டிக் கிடப்பதால் வருவது. அதை விலக்கி வைக்கத்தான் பெட்டியிலேயே ஒரு குட்டி எச்டிஎம்ஐ வயர் தருகிறார்கள். நாம் அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகிறோம். ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் கொடுப்பதும் இதன் கிளை. கரண்ட் போதாமல் ஸ்டிக் தானே அணைந்து எழும், பழி நெட்டின்மேல் விழும்.

கண்டுபிடிக்க அரியது மறைச்சுற்றல். கல்யாண வீடியோக்களை ஒருவரின் போன் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறும் வழி நிரம்பினால் இறங்கும் வழியும் திணறும். கேட்டால், 'நான் எதையும் பார்க்கலையே' என்று அவர் சத்தியம் செய்வார். சத்தியம் பொய்யில்லை, ஏற்றுவது போன்தானே.

பிளானை உயர்த்தினால் எல்லாம் தீருமே என்பாரும் உளர். ஃபுல் எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. வீட்டில் 100 வருகிறது என்றால் குறை வேகத்தில் இல்லை. பல டிவிகளின் லேன் துளையும் 100-க்கு மேல் தாங்காது. 300-க்கு மாறும் காசில் நல்ல லேன் கேபிள் ஒன்று வாங்கிச் சுவரோரமாக ஆணியடித்து இழுத்துவிடுங்கள்.