கீரைக் குழம்பும் கோரைப்பல் ராஜாவும்

என் அக்கா மகளுக்கு வயது பத்து. அவள் புத்தகம் படிக்கும் வேகத்துக்கு வயது பதினாறு. நடுவில் கிடக்கும் ஆறு வருடத்துக்கு என்னைக் காவல் போட்டிருக்கிறாள் அக்கா. குடும்பத்தில் எனக்குப் ‘படிக்கிறவன்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால் இதுவரை வந்த வேலைகள், கல்யாணத்தில் மொய் எழுதுவதும் அரசாங்கக் கடிதம் வந்தால் வாசித்து அர்த்தம் சொல்வதும்தான். இப்போது இது.

பாப்பா (அவளை வீட்டில் வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை) சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. தமிழ், மலாய், ஆங்கிலம் எதைக் கொடுத்தாலும் படிப்பாள். கதையில் மந்திரம் மட்டும் இருக்க வேண்டும். சாதாரண மனிதர்கள் சாதாரணமாகச் சண்டை போட்டுச் சமாதானமாகிற கதை என்றால், “அதான் வீட்டுலயே நடக்குதே மாமா” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

தொல்லை ஹாரி பாட்டரில் ஆரம்பித்தது. முதல் புத்தகம் 1997இல் வந்தது, ஏழாவது 2007இல். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஹாரிக்கு ஒரு வயது கூடும். அன்றைக்குப் படித்த பிள்ளைகளும் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து கூடவே வளர்ந்தார்கள். கதையில் சாவு மேல் சாவு விழுகிற கட்டம் வந்தபோது அவர்களுக்கு மீசை முளைத்திருந்தது. பாப்பா அந்தப் பத்து வருடத்தையும் ஒரே பள்ளி விடுமுறையில் தீர்த்துவிட்டு, “அடுத்து?” என்று நின்றாள்.

பினாங்குக்குக் கூட்டிப்போனேன். புத்தகக் கடையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு என்று ஓர் அலமாரி. அதில் பாதியை அவள் ஏற்கனவே படித்திருந்தாள். மீதியை நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்து, “சின்னப்புள்ள புக்கு” என்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த அலமாரி பதின்வயதுக்காரர்களுக்கு. அட்டையெல்லாம் ஒரே கறுப்பு. அங்கே இன்னும் கொடிகட்டிப் பறப்பது 2005இல் வந்த ‘ட்வைலைட்’ வகைக் காதல். அதில் நூறு வயது தாண்டிய ரத்தக்காட்டேரி ஒருவன் மாணவன் வேஷத்தில் பள்ளிக்கூடம் போய் பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிப்பான். போனில் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அக்கா கேட்டாள்: “நூறு வயசுக் கெழவனுக்கு இன்னும் பள்ளிக்கூடத்துல என்னா வேல?” என்னிடம் பதில் இல்லை. புத்தகம் அலமாரிக்கே திரும்பியது.

எங்கள் வீட்டுத் தணிக்கை விதி எனக்கு அன்றுதான் முழுசாக விளங்கியது. போர் இருக்கலாம், விஷம் வைக்கலாம், தலையை வெட்டலாம், பேய் நெஞ்சில் ஏறி உட்காரலாம். முத்தம் மட்டும் கூடாது. நல்ல தமிழ்க் குடும்பம் எதுவானாலும் இந்த விதிதான் என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில் பார்ப்போம் என்று அப்பா பைண்டு பண்ணி வைத்திருந்த பழைய ‘அம்புலிமாமா’வை இறக்கினேன். 1947இல் ஆரம்பித்த பத்திரிகை. தோளில் வேதாளமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடந்துபோகும் சங்கரின் படத்தைப் பார்த்ததும் எனக்கே பத்து வயதாகிவிட்டது. பாப்பாவுக்கோ படத்தைவிடச் சட்டத்தில்தான் சந்தேகம். “பதில் தெரிஞ்சும் சொல்லாட்டி தல வெடிக்கும். சொன்னா வேதாளம் பறந்துரும். அப்ப பதில் தெரியாத முட்டாளா பாத்து ஒருத்தர அனுப்பிருந்தா முதல் நாளே வேல முடிஞ்சிருக்கும்ல?” மூலக்கதையில் முடிவு கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது. விக்கிரமனுக்கு விடை தெரியாத கேள்வியில்தான் வேதாளம் அடங்குகிறது. அவள் இன்னும் அங்கே போய்ச் சேராததால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ பிடித்திருந்தது. ஒரு மத்தியானத்துக்குத்தான் தாங்கியது. கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ கொடுத்தபோது, எழுதியவர் சுங்கை பட்டாணிக்காரர் என்று தெரிந்ததில்தான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லாம் லண்டனிலோ சென்னையிலோ இருப்பார்கள் என்று நினைத்திருந்தவள், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பசார் மாலாமில் எதிரே வருகிற ஆண்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தாள்.

பிறகு ‘பொன்னியின் செல்வன்’. கல்கி 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதியது, ஐந்து பாகம். இது ஒரு மாதமாவது வரும் என்று கணக்குப் போட்டேன். முதல் பாகம் முடிவதற்குள் புகார் வந்துவிட்டது. “மாமா, ரவிதாசன மந்திரவாதி மந்திரவாதின்னு சொல்றாங்க. அவரு ஒரு மந்திரமும் போடமாட்டேங்கிறாரு.” எழுபது வருடமாக ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அடித்துக்கொள்கிற வாசகர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்த வேகத்தில் சாண்டில்யனின் ‘கடல் புறா’வை எடுத்தேன். ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்துப் போன கடாரம் எங்கள் கெடாதான் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கணிப்பு. ‘கடல் புறா’வின் கதாநாயகி காஞ்சனா தேவி கடாரத்து இளவரசி. எங்கள் ஊர்ப் பெண்ணின் கதையை எங்கள் ஊர்ப் பெண் படிக்க வேண்டாமா? கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டினேன். இளவரசி ஒரு தூணில் சாய்ந்தால் போதும், சாண்டில்யன் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். ஆகாத பக்கங்களையெல்லாம் கிளிப் போட்டு மூடிக்கொண்டே வந்தேன். கிளிப் டப்பா காலியானது. மிச்சமிருந்த பக்கங்களில் சில கப்பல்களும் கொஞ்சம் காற்றும் இருந்தன. மூன்று பாகத்தையும் அலமாரியின் மேல்தட்டில், அவள் உயரம் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். வருடா வருடம் அவள் உயருகிறாள்.

ஆங்கிலத்தில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ கதையில் மந்திரவாதிப் பையனுக்கு மாநிறம். போகிற இடமெல்லாம் கடலும் தீவும். “நம்ம கலர் மந்திரவாதி” என்று பாப்பா ஏற்றுக்கொண்டாள். டெர்ரி பிராட்செட்டின் ‘தி வீ ஃப்ரீ மென்’ கதையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வாணலியைத் தூக்கிக்கொண்டு பூதங்களை அடிக்கப் போகிறாள். அவளுக்குத் துணை வருகிற அரையடி உயர நீலக் குள்ளர்கள் குடிப்பார்கள், திருடுவார்கள், வாயைத் திறந்தால் வசவு. வசவெல்லாம் ஸ்காட்லாந்துக் கொச்சையில் இருந்ததால் அக்காவுக்குப் புரியவில்லை. தணிக்கையில் வெட்டில்லாமல் தப்பியது.

இதற்கிடையில் தணிக்கையே இல்லாமல் ஒரு தனி ஒலிபரப்பு ராத்திரிதோறும் நடந்துகொண்டிருந்தது. என் அம்மா. பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினவள். விடிவதற்கு முன்பே தலையில் லைட்டு கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் போனவளுக்கு முனியாண்டி சாமி நேரில் பழக்கம். குதிரைக் குளம்புச் சத்தம், சுருட்டு வாசனை, பேர் சொல்லிக் கூப்பிட்ட மோகினி, திரும்பிப் பார்த்த தண்டலுக்குக் கோணிப்போன வாய் என்று வரிசையாகச் சொல்வாள். தோட்டம் செம்பனையாகி, செம்பனை தாமானாகி, சாமி நின்ற இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். முனி எங்கே குடிபோனார் என்ற பாப்பாவின் கேள்விக்கு அம்மா, “இங்கதான் எங்கயாச்சும் வாடகைக்கு இருப்பாரு” என்றாள். பாப்பா ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. வேகமாகப் படிக்கிற பிள்ளை வயதில் மூத்த பிள்ளை இல்லை. அவளுக்குப் பயம் பெரிதாக வேண்டும். காதல் இப்போதைக்கு வேண்டாம். அப்படிப்பட்ட கதை பழைய கதையாகத்தான் இருக்கும். நூலகத்திலிருந்து ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’வை எடுத்து வந்தேன். கெடா ராஜாக்களின் வம்சக் கதை. பினாங்குக்கு எதிர்க்கரையை நிர்வாகம் பண்ணிய ஜேம்ஸ் லோ 1849லேயே அதை ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். நான் எடுத்தது எளிய மலாய்ப் பதிப்பு. நான் தட்டுத்தடுமாறி வாசிக்க, பாப்பா என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தாள்.

ரூம் தேசத்து இளவரசனுக்கும் சீனத்து இளவரசிக்கும் கல்யாணம் என்று விதி. அதை நான் தடுத்துக் காட்டுகிறேன் என்று சுலைமான் நபியிடம் சவால் விட்டு, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய் லங்காபுரியில் வைக்கிறது கருடன். அது நம் லங்காவி. ராமன் நடத்திய போருக்குப் பிறகு ஆளில்லாமல் கிடக்கிற தீவாம். துணைக்கு வந்த மெரோங் மகாவங்சா மந்திர அம்புகளோடு கருடனை எதிர்த்து நிற்கிறான். அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலில் தெரியும் ஜெராய் மலை அந்தக் கதையில் கடல் நடுவே ஒரு தீவு. பாப்பா எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“கருடன் வில்லனா?” என்று அம்மா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பெருமாள் எறங்கி நடந்து போறாராக்கும்?” அன்றிலிருந்து சனிக்கிழமை விரதக்காரியான அவள் அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்லை. தூரத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

அடுத்து வந்தவர்தான் ராஜா பெர்சியோங், கோரைப்பல் ராஜா. சமையல்காரி விரலை வெட்டிக்கொள்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் பாயாம் கீரைக் குழம்பில் விழுகிறது. பயத்தில் சொல்லாமல் பரிமாறிவிடுகிறாள். ராஜாவுக்கு அன்றைக்குக் குழம்பு அமிர்தம். மிரட்டி உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின் ருசி விடவில்லை. ஆட்கள் குறைகிறார்கள், கோரைப்பல் நீளுகிறது, கடைசியில் ஊரே திரண்டு விரட்டுகிறது. பல்லைப் பிடுங்கி ராஜா வீசின இடம்தான் பாலிங் என்று ஊரில் சொல்வார்கள். அலோர் ஸ்டாரில் பிறந்த நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், 1955 டிசம்பரில் அதே பாலிங்கில் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர், இந்த ராஜாவின் கதையைச் சினிமாவுக்கு எழுதினார். 1968இல் படம் வந்தது. நாட்டை நடத்திக்கொண்டே ஒரு மனிதர் ரத்தக்காட்டேரிக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார். “கதப்புக்கு படிச்சா என்னா பிரயோசனம்?” என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது துங்குவைக் காட்டுகிறேன்.

இருந்தாலும் முறைப்படி அக்காவிடம் அனுமதி கேட்டேன்.

“லவ்வு இருக்கா?”

“இல்லக்கா. ஆளக் கொன்னு ரத்தத்தக் கொழம்புல ஊத்திச் சாப்புடுறாரு. அவ்ளோதான்.”

“அப்ப சரி.”

பாப்பா அதை மூன்று தடவை படித்தாள். பாலிங் போய்ப் பல்லைத் தேட வேண்டும் என்கிறாள். வீட்டில் கீரை நின்றுபோனது. சாப்பிட உட்காருவதற்கு முன் அம்மாவின் பத்து விரலையும் விரித்துக் காட்டச் சொல்லிப் பரிசோதிக்கிறாள். மிளகாய் நறுக்கும்போது பட்ட சின்னக் கீறல் ஒன்று அகப்பட்ட அன்றைக்கு மத்தியானம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

“ஏன்டா, அந்தப் பள்ளிக்கூடத்துக் கெழவன் புக்கு இன்னும் கடையில இருக்கா?”