படிப்புக்குத்தான்ப்பா

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் யாரும் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. வாங்குவதெல்லாம் படிப்புக்கான கம்ப்யூட்டர்தான். மெக்கானிக்கல் முதலாமாண்டுப் பையன் என்றால் ஆட்டோகேட், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் கோடிங். கோடிங்குக்கு எதற்குடா எட்டு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு என்று கேட்கும் அளவுக்கு விவரம் தெரிந்த அப்பாக்கள் குறைவு. அப்படியே கேட்டாலும் ஏ.ஐ. என்று ஒரு பதில் இப்போது எல்லாப் பையன்களின் கைவசமும் இருக்கிறது.

பட்ஜெட் 50,000 ரூபாய் என்று முடிவாகும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். எல்லாம் இதில் அடக்கமா என்பதை மட்டும் இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ள மாட்டார்கள். அப்பா கணக்கில் எல்லாம் அடக்கம். பையன் கணக்கில் 50,000 பெட்டிக்கு மட்டும்; மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

சென்னையில் இதற்கெல்லாம் ரிச்சி தெருதான். அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் அதுவும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும், மீரான் சாகிப் தெருவும். சி.சி.டி.வி. கேமராவுக்கும் செல்போன் டிஸ்ப்ளேவுக்கும் நடுவே தள்ளுவண்டிக்கும் வழிவிட்டு நடந்தால் ஏதாவது ஒரு மாடிப்படி வரும். மேலே ஏறினால் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கலர் கலராக ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

"என்ன யூஸுக்கு தம்பி?" என்பார் கடைக்காரர்.

பையன் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "ஆட்டோகேட்... கொஞ்சம் எடிட்டிங்..." என்று இழுப்பான்.

"சரி. எந்த கேம்?"

அனுபவஸ்தர். அன்று முழுக்க இதைவிட முக்கியமான கேள்வியை வேறு யாரும் கேட்கப்போவதில்லை. இதற்கு உண்மையான பதிலும் வரப்போவதில்லை. பையன் 'சைபர்பங்க் 2077' என்பான். 2020 டிசம்பரில் வெளியான அந்த கேம் எப்பேர்ப்பட்ட மெஷினையும் இளைக்க வைக்கும். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவன் ஆடப்போவது நண்பர்களோடு ஐவர் அணியாக 'வேலரன்ட்'. தனியாக கிராபிக்ஸ் கார்டே இல்லாத மெஷினிலும் ஓடட்டும் என்றே செய்த கேம் அது. இல்லாவிட்டால் 'ஜி.டி.ஏ. 5'. கம்ப்யூட்டருக்கு அது வந்தது 2015-இல். குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னது நான்கு ஜி.பி. ரேம். சைபர்பங்குக்குப் பட்ஜெட் போட்டு வேலரன்ட் ஆடுகிறவர்களால்தான் கிராபிக்ஸ் கார்டு வியாபாரம் நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அப்பாவுக்குத் தெரிந்த பெயர் ஐ7. ஆபீஸில் யாரோ சொன்னது. ஐ3, ஐ5, ஐ7 என்று ஏறுவதால் பெரிய எண்தான் உசத்தி என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. மலிவு விலை செட்டுகளில் ஐ7 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சில சமயம் 2011-இல் வந்த 2600-ஆக இருக்கும். அதில் நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3 12100எஃப்-இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7-ஐ எங்கேயோ பின்னால் விட்டுவிடும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை என்று மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில் அந்த ஐ7-க்கு இடமில்லை; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. இருந்தாலும் சொந்தக்காரர்களிடம் "பையனுக்கு ஐ3 வாங்கிக் கொடுத்தேன்" என்று எந்த அப்பாவால் சொல்ல முடியும்?

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து இன்னும் பொல்லாதது. இன்டலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600-க்கும் கிடையாது. 5600ஜி-க்கு உண்டு, பதிலுக்கு கேஷ் மெமரி பாதி. தெரியாதவர்கள் புது மெஷினை மேஜையில் வைத்து, மானிட்டர் ஒயரை மதர்போர்டில் சொருகிவிட்டு, இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து கடைக்காரருக்கு போன் போடுவார்கள். "தம்பி, ஒயரைக் கீழ இருக்கற கார்டுல மாத்திச் சொருகுங்க" என்று அவர் அலுப்பில்லாமல் சொல்வார்.

கிராபிக்ஸ் கார்டுதான் பட்ஜெட்டின் பெருந்தீனிக்காரன். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி அதற்கே போனாலும் தப்பில்லை. சாதாரண 1080பி மானிட்டருக்கு 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 போன்ற எட்டு ஜி.பி. கார்டு தாராளம். ஆனால் அதே 2021-இல் இந்தப் பேச்சே எடுபட்டிருக்காது. ஈத்தரியம் என்ற கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்ததில் விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் முறையை மாற்றியதும் அந்தப் பிழைப்பு ஒரே நாளில் படுத்தது. இரவு பகலாக வெந்துகொண்டிருந்த கார்டுகள் துடைத்துப் பளபளப்பாக செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. விற்கிறவரைக் கேட்டால், "டாக்டர் வீட்டுல இருந்தது சார், வாரத்துக்கு ஒருநாள்தான் ஆன் பண்ணுவாரு" என்பார். எந்த டாக்டர் வீட்டில் ஒரே மாதிரி ஆறு கார்டு இருக்கும் என்று கேட்கக் கூடாது.

ரேமில் பதினாறு ஜி.பி. வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை ஒரே குச்சியாக வாங்குவது இரட்டை மாட்டு வண்டியில் ஒற்றை மாட்டைப் பூட்டுவது போல. எட்டும் எட்டுமாக இரண்டு வாங்கினால்தான் இரண்டு வழியிலும் தரவு ஓடும். வாங்கி மாட்டியபின் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யவும் வேண்டும். செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது 2133-லோ 2400-லோ சாவகாசமாக நடந்துகொண்டிருக்கும். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக வளைத்துப் போட்டதில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. க்ரூசியல் என்ற பெயரில் சில்லறையாக ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. பையன் அப்பாவிடம் எடுத்துவிட்ட அதே ஏ.ஐ.தான் அவன் பட்ஜெட்டில் கை வைத்தது.

இத்தனைக்குப் பிறகும் கேபினெட்டில் பையன் விட்டுக்கொடுக்க மாட்டான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் மாறும் ஆறு ஃபேன். கண்ணாடிக்குள் காற்று எப்படிப் போகும் என்று கேட்டால் பதில் இல்லை. சென்னையின் மே மாதத்தில் முன்பக்கம் சல்லடையாக இருக்கும் சுமாரான டப்பாதான் புத்திசாலித்தனம். ஆனால் சல்லடை டப்பாவை ஸ்டேட்டஸில் போட முடியாது.

விளக்குக்குப் போன காசை எங்கே பிடிப்பது? எல்லார் கையும் பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் விழும். கண்ணில் படாத சாமான், கேமில் ஒரு ஃப்ரேமும் கூட்டாது. "நானூத்தம்பது வாட் சார், தாராளமா போதும்" என்று ஒருமுறை இப்படித்தான் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

அதுவரை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர். கேம் தெரியாது, ரைசன் தெரியாது. அந்தப் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டிக்கரைக் கண்ணருகே வைத்துப் படித்தார். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது.

"பன்னெண்டு பதினாறு நூத்தித் தொண்ணூத்திரண்டு. நானூத்தம்பது எங்கப்பா இருக்கு?"

கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்.எக்ஸ். 6600-க்கு 132 வாட், ரைசன் 5600-க்கு 65. இரண்டும் சேர்ந்தே 197; ஆறு கலர் ஃபேன் இன்னும் கணக்கில் வரவில்லை. மற்ற வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு. இழுவை கூடும்போது மெஷின் சட்டென்று அணையலாம். நேரம் சரியில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகாமல் போர்டையும் கார்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகும்.

அப்பா தானே முன்வந்து நல்ல கம்பெனியின் 550 வாட்டுக்கு மாற்றினார். ஆறு ஃபேன் மூன்றானது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு முறையாகப் பில் போடச் சொன்னார். பில் இல்லாமல் வாரன்டி கேட்டு யாரிடம் போய் நிற்பது என்பது அவர் கட்சி. பட்ஜெட் அந்த இடத்தில் 60,000-ஐத் தாண்டியது. தாண்ட வைத்தவர் அப்பா என்பதால் பையன் வாயைத் திறக்கவில்லை.

யு.பி.எஸ். அப்புறம்தான் வந்தது. பெட்டியில் 600 வி.ஏ. என்று பெரிதாகவும் 360 வாட் என்று பொடியாகவும் போட்டிருந்தது. கரன்ட் போனால் சேவ் செய்துவிட்டு மூடச் சில நிமிடம் கிடைக்கும். வேலரன்ட் ஒரு ஆட்டம் அரைமணிக்கு மேல் ஓடும், நடுவில் சேவ் கிடையாது, பாதியில் காணாமல் போனால் தண்டனை உண்டு. இதையெல்லாம் பையன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்து, யு.பி.எஸ்.ஸில் மீதமிருந்த பாயின்டில் வைஃபை மோடத்தைச் சொருகிவிட்டுப் போனார். இப்போது கரன்ட் போனால் பையனின் மெஷின் சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. அம்மாவின் செல்போனில் சீரியல் மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது.