மன்னாரை எனக்குத் தெரியும்

‘மன்னாரை எனக்குத் தெரியும்’ என்று நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். யாராவது அந்த ஊர்ப் பெயரை எடுத்தால் போதும், சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, ‘அது ஒரு தனி உலகம்’ என்பேன். மேலே கேள்வி வந்தால், ‘போய்ப் பார்த்தால்தான் விளங்கும்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன்.

நடந்தது இவ்வளவுதான். 1979இல் இந்தியா போவதற்காக மதவாச்சியில் ரயில் மாறித் தலைமன்னாருக்குப் போனேன். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். ரயில் தீவுக்குள் நுழைந்தபோது நான் நல்ல நித்திரை. திரும்பி வருகையில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்ததால், ரயிலில் ஏறியதும் கண்ணை மூடினவன் மதவாச்சியில்தான் திறந்தேன். ஆக, மன்னார்த் தீவை முழு நீளத்துக்கும் இரண்டு முறை கடந்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

1984இல் கப்பல் நின்றது. பிறகு ரயிலும் நின்றது. என் பேச்சைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் வழி இல்லாமல் போனது. 2015இல் ரயில் மறுபடி தலைமன்னார் வரை ஓடத் தொடங்கியபோதே எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம். அந்த நடுக்கம் பலித்தது போன ஓகஸ்டில். என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வந்து, மூன்று நாள் மன்னார்ச் சுற்றுலாவுக்கு வானும் அறையும் வழிகாட்டியும் ஒழுங்கு செய்துவிட்டான்.

“வழிகாட்டி எதுக்கு? நான் இருக்கிறன்தானே” என்றேன்.

“காசு கட்டியாச்சு அத்தான். அந்தப் பொடியன் பிழை விட்டா நீங்கள் திருத்துங்கோ.”

இதைவிட ஆபத்தான ஒரு பதவியை என்னை நம்பி எவரும் தந்ததில்லை. இரண்டு கிழமை இருந்து படித்துப் பன்னிரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். “ஓய்வூதியத்துக்குப் படிவம் நிரப்பேக்க இந்த அக்கறையைக் காணேல்லையே” என்றாள் மனைவி.

வழிகாட்டி பேசாலைப் பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும். வான் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி வழியாகத் தெற்கே இறங்கி, திருக்கேதீஸ்வரத்தில் நின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவியில் கால் நனைத்தோம், அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. தீவுக்குப் போகும் நீண்ட தாம்போதியில் ஏறியதும் நான் பின்னால் திரும்பிச் சிறுவர்களிடம், “இப்ப ஆயிரக்கணக்கிலை பூநாரை பாக்கப்போறியள்” என்றேன்.

வழிகாட்டி மரியாதையாக இருமினான். “ஐயா, அது மாரியிலதான் வரும். இப்ப நிக்கிறது கழுதைதான்.”

நின்றது. ஒன்றல்ல, ஏழு. நகரத்துக்குள் தெருவை அடைத்து நின்ற கழுதைகளுக்காக வான் நின்றது, பின்னால் வந்த பஸ்சும் நின்றது, ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அராபிய வணிகர் கொண்டுவந்து விட்டவற்றின் சந்ததி என்று சொல்வார்கள். நான் இறங்கிப் போய் ‘சூ’ என்றேன். முன்னால் நின்றது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெரிந்த முகம் என்பதுபோல் தன் வேலையைப் பார்த்தது.

கோட்டையில் என் கை ஓங்கும் என்று நம்பியிருந்தேன். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1696இல் திருத்திக் கட்டியது, எல்லாம் முதலாம் பக்கத்தில் இருந்தன. கொத்தளத்தில் ஏறிக் கண்ணாடியை மாட்டி, கட்டை விரித்தேன். ஓகஸ்ட் மாதக் காற்று என்றால் என்னவென்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. பன்னிரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, மதிலைத் தாண்டி, வடிவாக வரிசை கட்டிப் பறந்து போயின.

“மாமா, பூநாரை!” என்றான் சின்னவன்.

தென்கரையில் முப்பது காற்றாலைகளை ஏன் நட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. வழிகாட்டியோ குறிப்பே இல்லாமல், யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்து முடியாமல் திரும்பிய போர்த்துக்கேயர் மன்னாரில் எப்படிக் கோட்டை போட்டார்கள் என்பதைக் கதையாகச் சொல்லிக்கொண்டு போனான். திருத்துவதற்கு ஒரு பிழையும் விடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பெரியவர்களுக்கு இடம் விடும் பழக்கம் இல்லை.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தடியில் இன்னும் மோசம். ஆபிரிக்காவுக்குரிய மரம், இங்கே நூற்றாண்டுகளாக நிற்கிறது. “உயரம் ஏழரை மீற்றர், சுற்றளவு பத்தொன்பதரை மீற்றர்” என்றான் வழிகாட்டி. உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் சுற்றளவு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் ஒருமுறை மரத்தைப் பார்த்தார்கள், ஒருமுறை என்னைப் பார்த்தார்கள். “பக்கத்திலை நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்” என்று மனைவி சொன்னதை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆதாம் ஏவாள் கல்லறை என்று மக்கள் சொல்லும் இடத்தில், ஏறக்குறைய நாற்பதடி நீளத்துக்கு இரண்டு சமாதிகள் அருகருகே கிடக்கின்றன. மனைவி வெகுநேரம் நின்றாள். “அவ்வளவு சண்டைக்குப் பிறகும் பக்கத்திலைதான் கிடக்கினம்” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இரண்டாம் நாள் பெருநிலத்துக்குத் திரும்பித் தெற்கே அரிப்புக்குப் போனோம். முதல் பிரித்தானிய ஆள்பதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. இப்போது கரை இடிய இடிய, மாளிகையும் துண்டு துண்டாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. “கடல் அரிச்சபடியால்தான் அரிப்பு” என்றேன். வழிகாட்டி சிரித்தான். அதுவும் முழுச் சிரிப்பு இல்லை, சம்பளத்துக்குள் அடங்கிய சிரிப்பு.

முத்து என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவி அருகே வந்துவிட்டாள். அந்த நாளில் சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, பிறகுதான் கழுவி முத்துப் பொறுக்குவார்களாம். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு மூச்சடக்கிக் குளித்தவனுக்கு. எங்கள் வீட்டில் என் சம்பளத்துக்கும் இதே சட்டம்தான் இருந்தது என்பதால் எனக்கு உடனே விளங்கியது. “இப்ப எங்கை வாங்கலாம்?” என்று கேட்டாள். பெரிய முத்துக்குளிப்பெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்றான் பிள்ளை. அந்தச் சோகச் செய்தியை என்னைப்போல் நிம்மதியோடு எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிம்மதி பேசாலையில் முடிந்தது. முத்துக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் கருவாடாக மாறியது. கட்டா, பாரை, பெயர் தெரியாத இன்னும் இரண்டு சாதி. நான்கு பொதி. வானில் இடம் இருந்தது என் மடியில்.

தலைமன்னாரில் மணல் தீடைகளுக்குப் படகில் போவதாக ஏற்பாடு. தென்கடல் கொந்தளிக்கும் காலம் என்று படகுக்காரர் கையை விரித்தார். நானும் கவலைப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். பழைய இறங்குதுறையின் மிச்சத்தைக் காட்டி, 1914இல் தொடங்கிய கப்பல் பாதையைப் பற்றியும், 1964 புயலில் எதிரே தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றியும், 1966இல் மிஹிர் சென் இங்கிருந்து அங்கே நீந்திப் போனதைப் பற்றியும் வழிகாட்டி சொன்னான். நான் தொண்டையைச் செருமினேன்.

“இந்தக் கடலை நானும் கடந்திருக்கிறன் தம்பி.”

“அப்பிடியா ஐயா! அப்ப இந்த இறங்குதுறை எப்பிடி இருந்தது? சொல்லுங்களேன், எங்களுக்குப் படத்தில பார்த்ததுதான்.”

முதல் தடவையாக அவன் என்னிடம் ஒன்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காற்று, கடல், கருவாட்டு வாசம். என் ஞாபகத்தில் ஒரு பச்சை நிற ரயில் சீற்றும், எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் தோளும் மட்டுமே இருந்தன.

“அது ஒரு தனி உலகம்” என்றேன்.

மனைவிக்கு மட்டும் கணக்கு விளங்கிவிட்டது. திரும்பும் வழியில் மடு வீதி வரை ரயிலில் போவோம், வான் அங்கே வந்து நிற்கட்டும் என்று ஏற்பாட்டை மாற்றினாள். தலைமன்னார்த் துறை நிலையத்தில் என்னை யன்னலோரம் இருத்தி, “இஞ்சாருங்கோ, இந்த முறையாவது கண்ணை முழிச்சுப் பாத்துக்கொண்டு வாங்கோ” என்றாள். பனைகள் வந்தன. பேசாலை வந்தது. தோட்டவெளி வருகிறது என்று யாரோ சொன்னார்கள்.

மடு வீதியில் என்னை எழுப்பினார்கள்.